பத்துமலைக்கு ரயிலில் ஒரு நாள்

கோலாலம்பூர் சென்ட்ரலில் கேடிஎம் கொம்யூட்டர் ஏறினால் பத்துமலை நிலையம்தான் கடைசி நிறுத்தம். இடையில் மாறத் தேவையில்லை. ரயில்கள் அடிக்கடி வராது என்பதால், இறங்கியதும் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள இளஞ்சிவப்புப் பெட்டி பெண்களுக்கு மட்டுமானது, அப்பாக்கள் கவனிக்கவும்.

காலையிலேயே மலை ஏறிவிடுங்கள். 272 படிகள், செங்குத்து. வெயில் ஏறிய பிறகு குழந்தைகளும் பெரியவர்களும் பாதியிலேயே தளர்ந்துவிடுவார்கள். தள்ளுவண்டி உதவாது, குழந்தையைத் தோள்பையில் சுமப்பதே நல்லது. மேலே பெரிய குகையைக் கடந்தால் இன்னும் சில படிகள் உண்டு. அங்கே பாறை திறந்து வானம் தெரியும். அதைப் பார்க்காமல் இறங்காதீர்கள்!

குரங்குகள்தான் உண்மையான தொல்லை. பிளாஸ்டிக் பையைக் கண்டாலே உணவு என்று பாயும். வாழைப்பழம், பிஸ்கட், பாட்டில் எதுவும் கையில் வேண்டாம். எல்லாம் முதுகுப்பைக்குள், ஜிப் போட்டு. குழந்தைகளைத் தீனி போட விடவே கூடாது.

முழங்கால் மறையும் உடை அவசியம். மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே முருகன் சிலையருகில் இருக்கலாம். நிலையத்தை ஒட்டிய ராமாயணக் குகையைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

தைப்பூசத்தின்போது லட்சக்கணக்கானோர் திரள்வார்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.