உயரம் வகுக்கும் கணக்கு: லடாக் காட்டும் பாடங்கள்

1948ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள். லே நகரையொட்டி அவசரமாகச் சமன் செய்யப்பட்டிருந்த மணல் திடலில் டகோடா விமானம் ஒன்று வந்திறங்கியது. ஏர் கமோடர் மெஹர் சிங் அதனைச் செலுத்தி வந்தார். மேஜர் ஜெனரல் திம்மையா உடன் வந்தார். குறுகிய காலத்தில் உள்ளூர் மக்களின் உழைப்பைக் கொண்டு அத்திடலை அமைத்தவர் சோனம் நோர்பு என்னும் லடாக்கியப் பொறியாளர். உள்ளே காற்றழுத்தம் காக்கும் ஏற்பாடு டகோடாவில் கிடையாது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,250 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு பள்ளத்தாக்கை அடைவதற்கு, அதனினும் உயர்ந்த மலைத்தொடர்களை அது தாண்ட வேண்டியிருந்தது. லேயிலுள்ள மருத்துவமனை இன்று சோனம் நோர்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் அமைத்த வழியில் வந்திறங்குவோரில் சிலர், இறங்கிய மறுநாளே அம்மருத்துவமனையை நாட நேர்வதும் உண்டு.

மலை மேல் ஆக்சிஜனின் விகிதம் குறைந்துவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. சென்னைக் கடற்கரையிலும் லேயிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 சதவீதமே. குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் சராசரியாக 1,013 மில்லிபார் இருக்கும் அழுத்தம் லேயில் சுமார் 680 மில்லிபாராகவும், 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லேயில் 580க்கு அருகிலும் நிற்கிறது. அதாவது லேயில் ஒருவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அவருக்குக் கிடைப்பது, சமவெளியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான். சோறு வேகாமை, தலைவலி, விமானத்தின் சுமைக் குறைப்பு ஆகிய யாவும் இந்த ஒரே காரணத்தின் விளைவுகள்.

அடுப்பங்கரையில்

லேயில் தண்ணீர் சுமார் 89 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. ஹான்லேயில் 85 டிகிரி போதும். சமவெளியிலிருந்து சென்றவர் பானையில் நீர் தளதளவெனக் கொதிப்பதைக் கண்டு பருப்பு வெந்துவிடும் என்று காத்திருப்பார், பருப்பு வேகாது. தீயைக் கூட்டினால் நீர் விரைவில் ஆவியாகுமேயன்றி அதன் வெப்பநிலை ஏறாது. ஆவியை அடைத்து அழுத்தத்தை உயர்த்துவது ஒன்றே வழி. பிரஷர் குக்கரின் எடை, வெளியிலுள்ள காற்றழுத்தத்தின் மேல் ஏறக்குறைய இன்னொரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஆகவே லேயிலும் குக்கருக்குள் வெப்பநிலை 115 டிகிரி அளவை எட்டுகிறது. விறகு அரிதான இப்பகுதிக்கு எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கணவாய்கள் பலவற்றைக் கடந்து லாரிகளில் வருகின்றன. எனவே குக்கர் அங்கு வசதிப் பொருளன்று. எரிபொருள் சிக்கனத்தின் கருவி.

லடாக்கியர் இதற்கு வேறொரு விடையைப் பல தலைமுறைகளுக்கு முன்பே கண்டிருந்தனர். பார்லியை முதலில் வறுத்து, பின்னர் மாவாக்கி, வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உண்பது அவர்களது பழக்கம். உலர் வறுவலின் வெப்பத்திற்குக் கொதிநிலை என்ற வரம்பு கிடையாது. ஏற்கெனவே பக்குவமாகிவிட்ட மாவை மீண்டும் வேகவைக்கத் தேவையுமில்லை.

உடலில்

1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஏராளமான படைவீரர்கள் சமவெளியிலிருந்து சில மணி நேரத்தில் இமயத்தின் உயரங்களுக்கு விமானத்தில் கொண்டு செல்லப்பட்டனர். அவ்வாறு 3,350 முதல் 5,500 மீட்டர் வரையிலான உயரங்களில் நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி இந்திய இராணுவ மருத்துவர்கள் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, மலைநோய் பற்றிய உலக மருத்துவ அறிவின் அடித்தளங்களுள் ஒன்றாகும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை எனத் தொடங்கும் இந்நோய், சிலரிடம் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரைப் பறிக்கும் நிலைக்கு முற்றுகிறது. நுரையீரலில் நீர் கோக்கும் நிலை முன்னர் நிமோனியா என்றே கருதப்பட்டு வந்தது.

உயரத்திற்கு உடல் பழகுவது படிப்படியாக நிகழ்வது. மூச்சு முதல் நாளே வேகமெடுக்கிறது. அதனால் இரத்தத்தில் ஏற்படும் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் சரிசெய்யச் சில நாட்கள் ஆகின்றன. சிவப்பணுக்கள் போதிய அளவு பெருகவோ வாரங்கள் வேண்டும். இவற்றில் எதனையும் மன உறுதியால் விரைவுபடுத்த இயலாது. திடகாத்திரமான இளைஞருக்கு விலக்கு உண்டு என்பதும் தவறு; உடல்வலிமையை நம்பி முதல் நாளே மலையேறுபவருக்குத்தான் ஆபத்து மிகுதி. இராணுவம் கடைப்பிடிக்கும் முறைப்படி, 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாட்களும், அதற்கு மேல் 15,000 அடி வரை 4 நாட்களும், அதனினும் மேலே செல்வோருக்கு இன்னும் 4 நாட்களும் பழகு காலமாக ஒதுக்கப்படுகின்றன. ஆனால் அலுவலகங்களில் தயாராகும் பயணத் திட்டங்கள் தொலைவைக் கணக்கிடும் அளவுக்கு உயரத்தைக் கணக்கிடுவதில்லை. தில்லியிலிருந்து லே ஒன்றேகால் மணி நேரப் பயணம்தானே என்று, இறங்கிய பிற்பகலே பணியிட ஆய்வுக்கு நாள் குறிக்கும் அலுவலர் தம்மை மட்டுமன்றித் தம் ஓட்டுநரையும் உதவியாளரையும் இடரில் தள்ளுகிறார். நோய் முற்றினால் மாத்திரையும் ஆக்சிஜனும் தற்காலிக உதவியே. உண்மையான சிகிச்சை கீழே இறங்குவது.

ஓடுதளத்தில்

கோடையில் 20 டிகிரி வெப்பமுள்ள நாளில் லேயின் காற்றடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்காகிறது. இறக்கைகள் அதே எடையைத் தூக்க விமானம் மேலும் வேகமாக ஓட வேண்டும். கடல் மட்டத்தில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் எழும்பும் விமானம் இங்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர் வேகத்தை எட்டியாக வேண்டும். விமானியின் வேகமானியோ அப்போதும் 240 என்றே காட்டும்; ஏனெனில் அது அளப்பது மோதும் காற்றின் அழுத்தத்தைத்தான். எஞ்சினின் உந்துவிசையும் மெலிந்த காற்றில் குறைவதால், தேவைப்படும் ஓட்டத் தொலைவு இருமடங்குக்கும் மேலாகிறது. வானில் ஏறிய பின்னரும் இடர் தீர்வதில்லை. வேகம் கூடியதால் திரும்புவதற்கு வேண்டிய வட்டமும் ஒன்றரை மடங்கு பெரிதாகிறது. இருபுறமும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கோ அகலம் குறைந்தது.

வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் மெலிவதாலும் பிற்பகலில் மலைக்காற்று வலுப்பதாலும் லேயின் விமானப் போக்குவரத்து பெரிதும் காலை வேளையிலேயே நடந்து வந்துள்ளது. 2024 ஜூலை இறுதியில் அங்கு வெப்பநிலை 36 டிகிரியை எட்டியபோது விமானங்கள் இரத்தாயின. அந்த வெப்பத்தில் காற்றடர்த்தி கடல் மட்ட அளவில் 62 சதவீதமாகத் தாழ்கிறது. குளிர்ப்பாலைவனம் எனப் பெயர் பெற்ற மாவட்டத்தில் விமானத்தை வெப்பம் நிறுத்திவைத்தது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் பனிக்காலத்தில் சாலை வழி அடைபடும் நாட்டுக்குக் கோடையிலும் வானவழி உறுதியில்லை என்பது, நோயாளிகளையும் சரக்கையும் பற்றித் திட்டமிடுவோர் புதிதாகச் சேர்க்க வேண்டிய கணக்காகும்.

ஹான்லேயில்

வானியலாளர் தேடிச் செல்வது இதே மெலிவைத்தான். விண்ணிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை நீராவி விழுங்கிவிடுகிறது. ஹான்லேயில் அந்நீராவியின் பெரும்பகுதி தொலைநோக்கிக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தமிழ்நாட்டில் கொடைக்கானலிலும் காவலூரிலும் ஆய்வகங்களை நடத்துவது. 725 மீட்டர் உயரமே கொண்ட காவலூரில் பருவமழை மேகங்கள் ஆண்டின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. அந்நிறுவனம் ஹான்லேயில் நிறுவிய 2 மீட்டர் விட்டமுள்ள சந்திரா தொலைநோக்கி 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒளியைப் பெற்றது.

கருவிக்கு உகந்த உயரம் அதனை இயக்குபவருக்கு உகந்ததன்று. 4,500 மீட்டரில் இரவு முழுவதும் விழித்திருப்பவரின் கவனமும் நினைவும் தளர்கின்றன. கணிப்பொறிகளும் தப்புவதில்லை: சுழலும் காந்தத் தட்டின் மேல் மெல்லிய காற்றுப்படலத்தில் மிதக்கும் முனையைக் கொண்ட சாதாரண வன்தட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் 3,000 மீட்டர் அளவிலேயே முடிந்துவிடும். எனவே ஹான்லேயில் சிறு பணிக்குழு மட்டும் தங்க, ஆய்வாளர் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயில் அமர்ந்து, செயற்கைக்கோள் இணைப்பின் வழியாகத் தொலைநோக்கியைத் திருப்புகிறார்.