உத்தராயணமும் தைப்பொங்கலும்

தை முதல் ஆனி வரை சூரியன் வடக்கு நோக்கிச் செல்லும் காலத்தை உத்தராயணம் என்பர். உண்மையில் நகர்வது சூரியனன்று. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதால் இத்தோற்றம் உண்டாகின்றது. பருவங்களுக்கும் இச்சாய்வே காரணம்; தூரமன்று. பனி கொட்டும் மார்கழியிலேதான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகின்றது!

யாழ்ப்பாணத்தில் ஆலய வெளிவீதியில் ஒரு கம்பை நாட்டினால், அதன் நண்பகல் நிழல் மார்கழியில் வடக்கே நீளும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அடியில் மறையும். ஆனியில் தெற்கே விழும். வடக்கே மிக நீள்வது டிசெம்பர் 22 அளவில். அன்றே சூரியன் திரும்பிவிடுகின்றது. அப்படியாயின் பொங்கல் ஏன் ஜனவரி 14 அல்லது 15இல்?

நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்தே மகர ராசியைக் கணிக்கின்றது. பூமியின் அச்சோ பம்பரம்போல் மெல்லத் தலையாட்டுகின்றது. அதனால் சூரியன் திரும்பும் நாள் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் முந்துகின்றது. ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் அமைந்திருந்தன.