வலியறிதலும் தோட்டத் தொழிலும்

தொழிலைத் தொடங்குதல் அரிது. தொடங்கிய தொழிலுக்கு எல்லை வகுத்தல் அதனினும் அரிது. உத்தியோகத்தை மட்டும் நம்பாது சொந்தத் தொழில் நடத்தும் இளைஞர் நம் பழைய மாணவரிடையேயும் உளர். அவர்க்கும், நாளை அவ்வழிச் செல்லவிருக்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு, தோட்டம் அமைக்கும் கம்பனி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வாம்.

அக்கம்பனி புல் வெட்டுதல், செடி நடுதல் என்னும் இரண்டோடு தொடங்கியது என்க. வீட்டுக்காரர் ஒருவர் மதில் கட்டித் தரும்படி கேட்கின்றார். இன்னொருவர் தண்ணீர்க் குழாய் பதிக்கச் சொல்கின்றார். வேறொருவர் பெருமரம் தறிக்க அழைக்கின்றார். எல்லாவற்றையும் ஏற்பதா, இரண்டோடு அமைவதா? முடிவு பிழைப்பின் முதலாளியின் முதலோடு வேலையாட்களின் பிழைப்பும் கெடும்.

இவ்வினாவுக்கு இங்கிலாந்தின் தோட்டக்கலை வரலாறு இரு விடைகளைக் காட்டுகின்றது. 1751இல் தனித்தொழில் தொடங்கிய லான்சலற் பிறவுண் (1716–1783), திட்டம் வரைதலோடு நில்லாது, நிலந்திருத்தல், ஏரி அமைத்தல், மரம் நடுதல், மாளிகை கட்டுதல் ஈறாகப் பலவற்றையும் ஒப்பந்தஞ் செய்து ஏற்றார். தாம் நேரில் நில்லாத இடங்களில் தேர்ந்த மேற்பார்வையாளரை நிறுத்தினார். பெருஞ் செல்வம் ஈட்டியதோடு, 1764இல் ஹம்ரன் கோட் அரண்மனையின் தலைமைத் தோட்டக்காரராகவும் நியமனம் பெற்றார்.

1788இல் இத்தொழிலுக்கு வந்த ஹம்பிறி றெப்ரன் (1752–1818) எல்லையைச் சுருக்கினார். நிலத்தைப் பார்வையிட்டு, சிவப்பு அட்டையிட்ட சித்திரப் புத்தகம் எழுதிக் கொடுத்துக் கட்டணம் பெற்றார். சித்திரத்தின் மேல் ஒட்டிய தாளை நீக்கினால் நிலத்தின் நாளைய தோற்றம் தெரியும். வேலையையோ பெரும்பாலும் நிலக்காரரிடமே விட்டார். சித்திரத்தைச் சுவைத்த செல்வருட் சிலர் வேலையைத் தொடங்கவேயில்லை. சிலர் ஒரு பகுதியோடு நிறுத்தினர். புகழ் மிகுந்தும், பிறவுண் ஈட்டிய பொருளை அவர் ஈட்டினாரல்லர்.

இதனால் விரித்தலே வெற்றி எனக் கொள்ளலாமோ? ஆகாது. பிறவுண் விரித்த வேலையைத் தாங்க ஆட்கள் இருந்தனர். றெப்ரன் சுருக்கியபோது பெருவருவாய்க்குரிய பகுதியே கைவிட்டுப் போயிற்று. இவ்வேறுபாட்டை அளந்தறியத் திருக்குறளின் 47ஆம் அதிகாரம் முதலான நான்கும் நமக்கு முறையாக வழிகாட்டும்.

முதலாவது தெரிந்துசெயல்வகை. ஒவ்வொரு சேவைக்கும் தனிக் கணக்கு எழுதுக. கூலி, வண்டிச் செலவு, பட்ட செடிக்கு மாற்றுச் செடி நடுஞ் செலவு ஆகியன கழித்து மிஞ்சுவது எவ்வளவு? மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவன், ஒன்றில் வந்தது மற்றொன்றில் ஒழுகுவதைக் காணான்.

இரண்டாவது வலியறிதல். மதிலுக்கு மேசன் வேண்டும். மரத்துக்கு ஏறித் தறிக்க வல்லவன் வேண்டும். அவர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுக்க நம்மால் இயலுமா என்று நோக்குக.

மூன்றாவது காலமறிதல். மதிற்பணம் பெரிது, ஆயின் விட்டுவிட்டு வரும். மாதந்தோறும் தோட்டம் பராமரிக்கும் பணம் சிறிது. ஆயினும் ஒழுங்காக வரும். பெரியதை விரும்பிச் சிறியதைக் கைவிட்டவன், வேலையற்ற மாதத்தில் கூலி கொடுக்க வழியின்றி நிற்பான்.

நான்காவது இடனறிதல். தோட்டங்கள் தொலைவிற் சிதறிக் கிடப்பின், தெருவிற் கழியும் நேரத்துக்கு ஊதியம் இல்லை. ஆதலின் புதிய சேவையைக் கூட்டுமுன், இருக்கும் சேவைக்கு அயல் வீடுகளைக் கூட்டுதல் நன்று.

இவற்றால் பெறப்படும் முடிபு இது: தானே இலாபந் தரும் சேவையையும், இலாபந் தரும் வேலைக்கு வாடிக்கையாளரை அழைத்து வரும் சேவையையும் வைத்துக்கொள்க, ஏனையவற்றை அத்தொழில் வல்லார்க்கு விடுக. ஒன்றைச் சேர்ப்பதாயின், அதற்குப் பொறுப்பாளியை முன்னர்த் தேடுக. 52ஆம் அதிகாரமாகிய தெரிந்துவினையாடல் ஈண்டுத் துணைசெய்யும். ஒன்றை நீக்குவதாயின், எஞ்சியவற்றுள் எது அதனால் நிலைபெறுகின்றது என்று முன்னர் ஆராய்க.

மாணவர் இவ்வதிகாரங்களைச் சோதனைக்கு மட்டும் படித்து அமையாது, தம்மூர்க் கடை ஒன்றின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக. பழைய மாணவர் தத்தம் கணக்குப் புத்தகத்தை இந்நான்கு கண்கொண்டு ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக.