குடும்பப் பேச்சை ஆராய்வது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்.டபிள்யூ., உளவியல், செவிலியம் என்று எதைப் படித்தாலும், ஆய்வுத் தலைப்பு கேட்கும் நேரத்தில் மாணவர்களில் ஒரு கூட்டம் குடும்பத்தின் பக்கம் ஒதுங்கும். ஆய்வுக்கூடம் வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம், ஊரெல்லாம் குடும்பம்தானே என்ற எண்ணம். இறங்கிப் பார்த்தால்தான் இதன் வழுக்கல் தெரியும். வெளியாள் உள்ளே நுழைந்ததும் வீட்டுப் பேச்சு மாறிவிடும். ஒரே சண்டையை அம்மா ஒரு மாதிரி சொல்வார், மகன் வேறு மாதிரி சொல்வான். இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஆராய்பவர் மனசுக்குள்ளேயே இருக்கிறது: யார் மேல் தப்பு என்று கண்டுபிடித்துவிடும் ஆசை.

அந்த ஆசையால் இந்தத் துறை ஏற்கெனவே கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது. ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் 1948இல், மனச்சிதைவு நோயை உண்டாக்குபவள் தாய் என்று பொருள்படும் ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். அதற்கான ஆதாரம் பிறகும் வந்து சேரவில்லை. அதற்குள் மேற்கு நாடுகளில் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் பிள்ளையின் நோயோடு பழியையும் சேர்த்துச் சுமந்துவிட்டார்கள். பழிபோடும் வேலையில் இறங்காமல் வீட்டுப் பேச்சை அளப்பது எப்படி என்பதுதான் இங்கே வரும் படிகளின் நோக்கம்.

முதல் படி: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"குடும்பத் தகவல்தொடர்பும் நெருக்கடி மேலாண்மையும்" என்று சினாப்சிஸ் எழுதிக்கொண்டு போனால் கைடு திருப்பி அனுப்புவார், அனுப்பத்தான் வேண்டும். ஒரு கஷ்டம், ஒரு உறவு, ஒரு காலவரை இருந்தால் போதும். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரும் அவர் மனைவியும் முதல் 3 மாதங்களில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? பிளஸ் டூவில் தோற்ற பிள்ளையிடம் அப்பா என்ன பேசுகிறார், எதைப் பேசாமல் விடுகிறார்? இந்த அளவில் கேள்வி இருந்தால் ஒரு வருடத்தில் முடிக்கலாம்.

கேள்வியைச் செதுக்க ரூபன் ஹில்லின் சூத்திரம் உதவும். இரண்டாம் உலகப் போரில் கணவர் பிரிந்து போய்த் திரும்பி வந்த 135 குடும்பங்களை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆராய்ந்து, 1949இல் புத்தகமாக வெளியிட்டார் அவர். நேர்ந்த சம்பவம் ஏ. குடும்பத்தின் கையிருப்பு, அதாவது பணம், உறவுக்காரர்கள், ஒற்றுமை எல்லாம் பி. சம்பவத்துக்குக் குடும்பம் கொடுக்கும் அர்த்தம் சி. இவை மூன்றும் சேர்ந்துதான் எக்ஸ் என்ற நெருக்கடி உண்டாகிறது, அல்லது உண்டாகாமல் போகிறது. ஆட்குறைப்பில் இரண்டு பேருக்கு வேலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில், "கம்பெனியே படுத்துடுச்சு, நாம என்ன பண்றது" என்கிறார்கள். இன்னொரு வீட்டில், "இவருக்குச் சாமர்த்தியம் பத்தல" என்கிறார்கள். சம்பளம் நின்றது இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். பேச்சை ஆராய வருபவருக்கு வேலை இருப்பது அந்த சி என்ற இடத்தில்.

சில சம்பவங்களுக்கு முடிவுத் தேதியே கிடையாது. வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு பணியாற்றிய பாலின் பாஸ், இருக்கிறாரா இல்லையா என்று தெளியாத இழப்பைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். இலங்கையின் வடகிழக்கில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு 2017 முதல் தெருவோரம் அமர்ந்து போராடிய தாய்மாரை நினைத்துப் பார்த்தால் இதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அப்படிப்பட்ட வீடுகளில் கருமாதி செய்வதா வேண்டாமா என்பதுகூடப் பேச முடியாத விஷயம். முதல் ஆய்வுக்கு இவ்வளவு கனமான களத்தை எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு ஆய்வுக் கதையை அடிமுதல் படியுங்கள்

40 கட்டுரைகளின் சுருக்கங்களை மேய்வதைவிட, ஒரு கருத்து பிறந்து வளர்ந்து அடிபட்ட கதையை முழுசாகப் படிப்பது நல்லது. என் சிபாரிசு, மனநல வட்டாரத்தில் 'எக்ஸ்பிரஸ்டு எமோஷன்' என்று சொல்லப்படும் ஆய்வு வரிசை. தமிழில் 'வெளிப்படும் உணர்ச்சி' என்கிறோம்.

1950களில் குளோர்புரோமசின் மருந்து வந்தபின், வருடக்கணக்காக மனநல மருத்துவமனைகளில் கிடந்தவர்கள் வீடு திரும்பத் தொடங்கினார்கள். சிலர் நன்றாக இருந்தார்கள், சிலர் சீக்கிரமே மறுபடி வந்து சேர்ந்தார்கள். ஏன் என்று பார்க்கப் புறப்பட்ட குழுவில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் இருந்தார். 1958இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரைத் துணுக்குறச் செய்தது: பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய ஆண்களைவிட, உடன்பிறந்தவர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கியவர்கள் தேறியிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு அவசரக்காரர் 'குடும்பமே நோய்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். பிரவுன் அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்குள் எது வேறுபடுகிறது என்று அளக்க, மைக்கேல் ரட்டருடன் சேர்ந்து ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார். தெற்கு லண்டனில் உள்ள கேம்பர்வெல் பகுதியின் பெயரால் அது வழங்குகிறது. உறவினரைத் தனியாக உட்காரவைத்து, கடந்த சில மாதங்களில் வீட்டில் நடந்ததைச் சொல்லச் சொல்வார்கள்: யார் சமைத்தது, எப்போது எரிச்சல் வந்தது, சண்டை எப்படி ஆரம்பித்தது. பேச்சு ஒலிநாடாவில் பதிவாகும். பிறகு குறை சொல்லும் வாக்கியங்களை எண்ணுவார்கள். அதோடு பகைமை, அளவுமீறிய ஒட்டுதல், கனிவு, பாராட்டு ஆகியவற்றையும் மதிப்பிடுவார்கள்.

எண்ணும் விதத்தில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. "காலையில 10 மணிக்குத்தான் எந்திரிப்பான்" என்று ஒரு அம்மா சாதாரணமாகச் சொன்னால் அது தகவல். அதே வார்த்தைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் அது குறை. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் எழுதியெடுத்த தாளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஆய்வைச் செய்ய முடியாது; காது வேண்டும்.

பிரவுன், பர்லி, விங் மூவரும் 101 மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1972இல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான பேச்சு அதிகமிருந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 58 சதவீதம் பேருக்கு 9 மாதத்துக்குள் நோய் திரும்பியது. மற்ற வீடுகளில் 16 சதவீதம். 1976இல் வான், லெஃப் இருவரும் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோதும் அதே திசையில் விடை வந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதும், முகத்துக்கு முகம் இருக்கும் நேரம் வாரத்துக்கு 35 மணிக்குக் குறைவாக இருப்பதும் கடுமையான பேச்சுள்ள வீடுகளில்கூடப் பாதுகாப்பு தந்தன.

குறை சொல்பவர்கள் கொடியவர்களா? 1990களின் தொடக்கத்தில் வந்த ஆய்வுகள் வேறொரு விடை தந்தன. அதிகம் குறை சொல்பவர்கள், நோயாளி நினைத்தால் மாற்றிக்கொள்ள முடியும் என்று நம்புகிறார்கள். நம் வீடுகளில் "வேணும்னே பண்றான்" என்று கேட்கிறோமே, அதுதான். சோம்பலும் விட்டேத்தித்தனமும் நோயின் பகுதி என்று யாரும் சொல்லித் தராத அம்மாவுக்கு அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளத்தான் தோன்றும். ஹில் சொன்ன சி இங்கே மறுபடி வருகிறது.

மூன்றாம் படி: அளவுகோலை நம் மண்ணில் வைத்துப் பாருங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வு ஒன்றின் பகுதியாக, என்.என். விக், ஜூலியன் லெஃப் குழுவினர் இந்த முறையைச் சண்டிகருக்குக் கொண்டுவந்தார்கள். முடிவுகள் 1987இல் வந்தன. கடுமையான பேச்சுள்ள உறவினர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. லண்டனைவிட மிகக் குறைவு. நகரத்தைவிடக் கிராமங்களில் இன்னும் குறைவு.

உடனே கூட்டுக் குடும்பத்தின் மகிமை பாட வேண்டாம். இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, லண்டனில் வேலை செய்த மொத்த மதிப்பீடு சண்டிகரில் நோய் திரும்புவதைச் சரியாகச் சுட்டவில்லை. பகைமை என்ற ஒரு பகுதி மட்டுமே தொடர்பு காட்டியது. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களைப் பற்றி 2004இல் வந்த ஆய்வில், குறை சொல்வதைவிடக் கனிவு இல்லாமையே முக்கியமாக இருந்தது. ஒரு ஊரில் செய்த தராசை இன்னொரு ஊரில் அப்படியே தூக்கி நிறுத்த முடியாது என்பதற்கு இவையே சாட்சி.

தமிழ்நாட்டில் உங்களை மாட்டிவிடப் போவது 'அளவுமீறிய ஒட்டுதல்' என்ற பகுதி. 25 வயது மகனுக்கு அம்மா சோறு பிசைந்து கொடுத்தால் லண்டன் மதிப்பீட்டாளர் பேனாவைத் திறப்பார். இங்கே அது என்ன? நோய் வருவதற்கு முன்பும் கொடுத்தாரா, அண்ணனுக்கும் தம்பிக்கும் கொடுக்கிறாரா, கொடுக்காவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் போகிறதா என்றெல்லாம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். எதை அளவு மீறியது என்று கொள்வது என, களத்துக்குப் போகும் முன்பே உள்ளூர்க்காரர்கள் சிலரோடு உட்கார்ந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் கூட்டாளியாக்கிய மரபு நம்மிடம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தினரும் தங்குவது அதன் வழக்கமானது. இலக்கிய மதிப்பாய்வு எழுதும்போது லண்டனை மட்டும் எழுதிவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள்.

நான்காம் படி: கைக்கு அடங்கும் கருவி

கேம்பர்வெல் நேர்காணலுக்கு முறையான பயிற்சி வேண்டும். முதுகலை மாணவருக்கு எட்டாது. 1986இல் வந்த ஐந்து நிமிடப் பேச்சு முறை எட்டும். "உங்க மகன் எப்படிப்பட்டவர், நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பழகுறீங்க, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, 5 நிமிடம் குறுக்கே பேசாமல் பதிவு செய்ய வேண்டும். குறுக்கே பேசாமல் இருப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். இரண்டாவது நிமிடத்தில் அவர் மௌனமாகும்போது வாய் துறுதுறுக்கும்.

இதைவிடச் சின்னதும் உண்டு. உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை சொல்கிறார், 1 முதல் 10க்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்ற ஒற்றைக் கேள்வி. மனச்சோர்வு நோயாளிகளிடம் ஹூலியும் டீஸ்டேலும் இதைக் கேட்டுப் பார்த்து, அந்த எண் நோய் திரும்புவதை நன்றாக முன்கூட்டிச் சொன்னதாக 1989இல் எழுதினார்கள்.

வினாத்தாள் வழியில் போனால் ஒரே வீட்டில் குறைந்தது இருவரிடம் கேளுங்கள். "எங்க வீட்ல எதையும் மனசு விட்டுப் பேசுவோம்" என்று அப்பா 5க்கு 5 போட்டு, மகள் 2 போட்டால், சராசரி எடுத்து 3.5 என்று எழுதாதீர்கள். அந்த இடைவெளிதான் உங்கள் டேட்டா.

வீடியோ முறைக்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எலினார் ஆக்ஸ் நடத்திய ஆய்வைப் பாருங்கள்: லாஸ் ஏஞ்சலிஸின் 32 குடும்பங்களின் அன்றாடத்தை வீட்டுக்குள்ளேயே படம்பிடித்தார்கள். சியாட்டிலில் ஜான் காட்மன் கணவன் மனைவி வாக்குவாதங்களைப் படம்பிடித்து, விவாகரத்தை முன்கூட்டிச் சொல்லலாம் என்றது உலகப் புகழ்பெற்றது. ஆனால் ஒரு சாம்பிளில் கண்ட சூத்திரத்தைப் புதிய சாம்பிளில் சோதித்தால்தான் அது கணிப்பு என்ற விமர்சனமும் அதோடு வந்தது. பத்திரிகைகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன.

ஐந்தாம் படி: வாசல்படி ஏறும் முன்

எதிக்ஸ் கமிட்டி அனுமதி கைக்கு வராமல் ஒரு வீட்டுக்கும் போகாதீர்கள். குடும்பத் தலைவர் கையெழுத்து எல்லோருக்கும் செல்லாது. பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் தேவை. எல்லாவற்றையும் ரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை மீது பாலியல் குற்றம் நடப்பது தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டும். இதைப் பேட்டிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாமியார் அடுத்த அறையில் இருக்கும்போது மருமகளிடம் பேட்டி எடுப்பது பேட்டியே அல்ல. வேறு நாள் போங்கள்.

ஆறாம் படி: கேட்டதைக் குறியிடுங்கள்

தமிழ் வீட்டுப் பேச்சில் குறை பெரும்பாலும் நேராக வராது. பிள்ளையைப் பார்த்து "உங்கப்பாவுக்கு எங்க இதெல்லாம் தெரியப்போவுது" என்பார்கள், பாத்திரத்தை ஓங்கி வைப்பார்கள், பூனையைத் திட்டுவார்கள். ஜாடைப் பேச்சுக்கு உங்கள் குறியீட்டில் தனி இடம் இல்லாவிட்டால் பாதிச் சண்டை கணக்கில் வராது. எப்போது "நீங்க" "நீ" ஆகிறது, நோயாளியை "அவன்" என்றவர் எப்போது "அது" என்கிறார், கேட்ட கேள்விக்குப் பதிலாக எப்போது மௌனம் வருகிறது என்று நேரத்தோடு குறித்துவையுங்கள். ஒரே பதிவை இருவர் தனித்தனியாகக் குறியிட்டு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகாத இடங்களில் பெரும்பாலும் தொனிதான் தகராறு. திரும்பப் போட்டுக் கேளுங்கள்.

ஏழாம் படி: எழுதும்போது திசையைப் பாருங்கள்

கடுமையான பேச்சும் நோய் திரும்புவதும் சேர்ந்து காணப்பட்டால், பேச்சு நோயைக் கொண்டுவந்ததா, மோசமான நோய் வீட்டாரைக் கசக்கிப் பேசவைத்ததா? ஒரே ஒரு முறை பேட்டி எடுத்த ஆய்வால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. லெஃப் குழுவினர் 1982இல் செய்தது போல, குடும்பங்களுக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, பேச்சின் கடுமையைக் குறைத்து, அதன்பின் நோய் திரும்புவது குறைகிறதா என்று பார்த்தால்தான் காரணம் பற்றிப் பேச வாய் திறக்கலாம். அவர்கள் ஆய்வில் அது குறைந்தது. உங்களிடம் அப்படிப்பட்ட டேட்டா இல்லையென்றால் 'தொடர்பு காணப்பட்டது' என்று எழுதி நிறுத்துங்கள். 'காரணமாக அமைகிறது' என்ற வாக்கியத்தைக் கைடு அடிப்பதற்கு முன் நீங்களே அடித்துவிடுங்கள்.

பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தால் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றில் ஒன்றிரண்டையாவது மாற்றுங்கள். ஆய்வு முடிந்ததும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் குடும்பங்களுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம். அதில் பொதுவான முடிவுகள் மட்டும் இருக்கட்டும். மனைவி சொன்ன ஒரு வரியும் கணவர் கண்ணில் படும்படி அதில் இருக்கக்கூடாது.