கறிச்சோறும் கருணையும்

“டாக்டர், தைப்பூசத்துக்கு வடலூர் போய் வந்தேன். இனிமேல் கறி, மீன், முட்டை எதையும் தொடுவதாக இல்லை. உடம்பு தாங்குமா?” என்று கேட்டு வருகிறவர்கள் தை, மாசி மாதங்களில் என் வைத்தியசாலையில் அதிகம்.

உடம்பு தாங்கும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், எதற்காக விடுகிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். நம் வீடுகளில் கறியை நிறுத்த மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சித்த மருந்து சாப்பிடும்போது கறி, மீன், கத்தரிக்காய், கடுகு என்று சிலவற்றை நிறுத்தச் சொல்வது பத்தியம். மருந்து முடிந்தால் அதுவும் முடிந்தது. புரட்டாசியில் நிறுத்துவது விரதம். ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கிற வரிசையைப் பார்த்திருப்பீர்களே! அதில் தப்பொன்றும் இல்லை. மூன்றாவது, என் வயிற்றுக்காக ஓர் உயிர் சாக வேண்டாம் என்கிற மனசு. இதற்குத் தேதி கிடையாது. கஷ்டமும் இதில்தான்.

திருக்குறளில் புலால் மறுத்தல் 26-ம் அதிகாரம், கொல்லாமை 33-ம் அதிகாரம். இரண்டுமே துறவறவியலில் வருகின்றன. “அப்படியானால் குடும்பஸ்தனுக்கு இல்லையே டாக்டர்!” என்று ஒரு வாத்தியார் என்னை மடக்கினார். சாமர்த்தியமான வாதம்தான். ஆனால் வள்ளுவர் அங்கே சொல்கிற நியாயத்தைப் பாருங்கள். தின்பதற்கு ஆள் இல்லாவிட்டால் விற்பதற்கும் ஆள் இருக்க மாட்டான் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவது துறவியா, நாமா? திருமூலரும் இயமத்தைச் சொல்லும்போது கொல்லாமையைத்தான் முதலில் வைக்கிறார்.

இங்கே என் தொழிலைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் மூலிகை, தாது போலவே சீவப் பொருள்களும் ஒரு வகுப்பு. சங்கு பற்பம், பலகறை பற்பம், முத்துச்சிப்பி பற்பம் எல்லாம் ஓடுகளைப் புடம் போட்டுச் செய்பவை. நத்தையும் முட்டையும்கூட மருந்தாகின்றன. கொல்லாமையைப் பாடிய மரபிலேயே இதுவும் இருக்கிறது. நோய் தீர்க்க எடுப்பதும் நாக்குக்காகத் தின்பதும் ஒன்றல்ல என்பது என் கட்சி. உங்கள் மனசு அதற்கும் ஒப்பவில்லையா? வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் மூலிகையிலேயே வேறு வழி கிடைக்கும்.

வடலூருக்கு வருவோம். வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையை ஆரம்பித்தது 1867-ல். சத்திய ஞான சபை வந்தது 1872-ல். கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே சபைக்குள் போகலாம் என்பது கட்டளை. தருமச்சாலையிலோ பசி என்று வந்தவருக்கெல்லாம் சோறு. நீ கறி தின்கிறவனா என்று இலை போடும் முன் யாரும் கேட்பதில்லை. புலால் கூடாது என்பதில் அத்தனை கண்டிப்பாக இருந்தவர், பசி விஷயத்தில் வித்தியாசம் பார்க்கவில்லை.

பல பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். போன வருஷம் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கைக்குழந்தை, தாய்ப்பால் குடிக்கிறது. தாய்க்கு முகமெல்லாம் வெளுத்துப்போய், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. விசாரித்தால், கணவர் சைவத்துக்கு மாறியதும் சமையலறையில் மீன், முட்டை எல்லாம் தடை. அந்தப் பெண் சின்ன வயசிலிருந்து மீன் சாப்பிட்டு வளர்ந்தவள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடம், “தம்பி, சங்கல்பம் உங்களுடையது. தட்டும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பிள்ளை பெற்றவளைப் பட்டினி போடுவது எந்தக் கருணையில் சேர்த்தி?” என்று கேட்டேன். முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அடுத்த முறை வந்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது.

வயசான மாமியாருக்கும் இதே பேச்சுதான். எழுபது வயசில் அவர் கேட்கிற ஆட்டுக்கால் சூப்பை மறுத்துப் புண்ணியம் தேடாதீர்கள்.

சரி, உடம்புக்கு வருவோம். இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பயறு வகைகள் இருக்கின்றன. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும்.

பி12 வைட்டமின் விஷயம்தான் வேறு மாதிரி. எந்தக் கீரையிலும் பருப்பிலும் அது கிடையாது. பால், தயிர் சேர்ப்பவர்களுக்கு ஓரளவு கிடைக்கும். அதையும் விட்டவர்களுக்குக் கிடைக்காது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில வருஷங்கள் ஒன்றும் தெரியாது. பிறகு பாதத்தில் எரிச்சல், விரல்களில் மரமரப்பு, நாக்குப் புண், ஞாபகமறதி என்று ஆரம்பிக்கும். வயசாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நாள்பட்டால் நரம்பு பழையபடி தேறுவது கஷ்டம். ஆகவே சைவத்துக்கு மாறியவர்கள் அவ்வப்போது ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் இது குறைந்தவர்களுக்கு இங்கிலீஷ் மருந்துக்கடை மாத்திரையைத்தான் வாங்கச் சொல்கிறேன். அந்தச் சத்தை நுண்ணுயிர்களை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். ஆட்டையோ மாட்டையோ அறுத்து எடுப்பதில்லை. கேப்ஸ்யூலாக இருந்தால் மட்டும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல கேப்ஸ்யூல்களின் உறை ஜெலட்டின். அது மிருகங்களின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது.