நம்பிக்கைகளும் உண்மைகளும்: குளிரில் வைத்தால் பழைய கணினி பறக்குமா?

"நம்ம ஊர்க் குளிருக்கு மெஷின் சூடாகவே ஆகாது, கிறிஸ்டலை மாற்றிவிட்டால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டலாம்."

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பழைய வீட்டுக் கணினிகள் மீது ஆசை வைத்த பிள்ளைகள் என்னிடம் முதலில் சொல்வது இதைத்தான். வெளிநாட்டு உறவினரின் பெட்டியோடு வந்த ஸ்பெக்ட்ரமோ, கொழும்பில் பழைய சாமான் விலைக்கு வாங்கிய கொமடோர் 64-ஓ கையில் இருக்கும். கூடவே ஒரு ஸ்குரூ டிரைவரும் இருக்கும். தயவுசெய்து கிறிஸ்டலில் கை வைக்காதீர்கள்.

கொமடோர் 64-இன் வேகத்தைக் கட்டிப்போட்டிருப்பது சூடு அல்ல, படம். நம் நாட்டில் வழங்கிய பி.ஏ.எல். தொலைக்காட்சிக்கென்று செய்த கணினிக்குள் துடிப்பைத் தரும் 17.734475 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்று இருக்கிறது. அதை 4-ஆல் வகுத்தால் டிவிக்கு வேண்டிய நிறச் சைகை. 18-ஆல் வகுத்தால் செயலியின் துடிப்பு, அதாவது 0.985 மெகாஹெர்ட்ஸ். ஒரே ஊற்றிலிருந்து இரண்டு வாய்க்கால். ஊற்றைத் தொட்டால் முதலில் நிறம் போகும், பிறகு படமே நிற்காது. போதாக்குறைக்குப் படம் வரையும் விக்-2 சிப்பும் செயலியும் ஒரே நினைவகத்தை மாறி மாறித்தான் தொடுகின்றன. ஒன்றை மட்டும் அவசரப்படுத்த வழியில்லை.

மலைக்காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப்போகும் வெப்பம் குறைவு. குளிர் அதை ஈடுகட்டிவிடும் என்பது சரிதான். ஆனால் மூடுபனியின் ஈரத்தை எது ஈடுகட்டும்? நான் திறந்து பார்த்த பெட்டிகளில் சிப் எரிந்தவை சில. கால்களிலும் இணைப்பு முனைகளிலும் பச்சை பூத்தவைதான் அதிகம்.

"செயலி வேகமானால் எல்லாமே வேகமாகும்" என்பது அடுத்த நம்பிக்கை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, காட்டியே விளக்கலாம். கொழுந்து இரவு முழுக்க வாட்டத்தில் கிடந்த பிறகுதான் ரோலருக்கு வரும். ரோலரை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றவிட்டால் இரண்டு மடங்கு தேயிலை கிடைக்குமா? வாடாத கொழுந்துக்காக ரோலர் காத்து நிற்கும், அவ்வளவுதான். பழைய கணினியிலும் எது எதற்காகக் காத்து நிற்கிறது என்பதே கேள்வி.

1982-இல் வந்த ஸ்பெக்ட்ரமின் இசட்80 செயலிக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகம். கேசட்டிலிருந்து 48 கிலோபைட் ஏற ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். அந்த நேரமெல்லாம் செயலி நாடாவுக்காகக் காத்திருக்கிறது. செயலியை 7 மெகாஹெர்ட்ஸாக்கினால் நாடா வேகமாக ஓடாது. மாறாக, ஏறவே ஏறாது. நாடாவின் ஒலித்துடிப்பு எவ்வளவு நீளம் என்பதை ரோமிலுள்ள நிரல் தன் சொந்தச் சுற்றுகளை எண்ணித்தான் அளக்கிறது. எண்ணும் வேகம் மாறினால் கணக்கும் தவறும். நாடாவுக்குப் பதிலாக எஸ்.டி. அட்டை இணைப்பு ஒன்றைப் பின்னால் செருகினால், செயலியைத் தொடாமலே அந்த ஐந்து நிமிடம் சில நொடிகளாகும்.

கொமடோரின் 1541 டிஸ்க் டிரைவின் கதை இன்னும் வருத்தமானது. விநாடிக்கு ஏறக்குறைய 400 பைட். 40 கிலோபைட் நிரலுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல். முந்தைய விக்-20 கணினியின் ஒரு சிப்பில் இருந்த பிழையால், வன்பொருள் செய்யவேண்டிய அனுப்பலை மென்பொருள் பிட் பிட்டாகச் செய்யவேண்டி வந்தது. பழைய பாகங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அந்த மந்தம் 64-க்கும் சொத்தாக வந்தது. பின்னர் ஜிஃபிடாஸ் என்ற மாற்று ரோம், அதே செயலியையும் அதே டிரைவையும் அதே வயரையும் வைத்துக்கொண்டு அதைப் பல மடங்கு வேகப்படுத்தியது. பேசும் முறையை மட்டும் மாற்றியது.

"அந்தக் காலத்து மெதுவான மெஷினில் உருப்படியான வேலை நடக்காது" என்று சொல்பவர்களை நான் கொழும்புக்கு அனுப்புவேன். ஆர்தர் சி. கிளார்க் '2010' நாவலை அங்கேதான், ஆர்கைவ்ஸ் 3 என்ற கணினியில் வேர்ட்ஸ்டார் கொண்டு எழுதினார். புத்தகம் ஒரே ஒரு ஐந்து அங்குல டிஸ்கட்டில் நியூயோர்க் போனது. கடைசித் திருத்தங்கள் பாதுக்கை தரை நிலையத்தின் வழியே செயற்கைக்கோளில் போயின. அதைப் படமாக்கிய இயக்குநர் பீட்டர் ஹையம்ஸுடன் கேய்ப்ரோ 2 கணினி வழியாகக் கடிதங்கள் பரிமாறினார். அவை 1984-இல் நூலாகவும் வந்தன. கேய்ப்ரோவின் இசட்80-க்கு 2.5 மெகாஹெர்ட்ஸ், ஸ்பெக்ட்ரமைவிடக் குறைவு. எழுத்து வேலையில் காத்திருப்பது கணினிதான், மனிதருக்காக.

செயலி வேகம் உண்மையிலேயே உதவும் இடமும் உண்டு. 1984-இல் வந்த 'எலைட்' விளையாட்டில் கப்பலின் ஒவ்வொரு கோட்டையும் கணக்குப் போட்டு வரையவேண்டும். அது முதலில் ஓடியது பிபிசி மைக்ரோவில். இந்தியாவில் 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்குப் போனதும் அதே கணினிதான். அதன் அடியில் டியூப் என்றொரு வாய் இருந்தது. அங்கே சொந்த நினைவகத்தோடு இரண்டாவது செயலியை மாட்டினால், பழைய 2 மெகாஹெர்ட்ஸ் செயலி விசைப்பலகையையும் திரையையும் டிஸ்கையும் பார்த்துக்கொள்ளும், புதியது கணக்கைப் பார்க்கும். வேகம் கூட்டுவதற்கு எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான வழி இதுதான். 1985 ஏப்ரலில் முதல் ஆர்ம் சிப் உயிர்பெற்றதும் இந்த டியூப்பில்தான். அந்தச் சிப்பின் வழித்தோன்றல் இன்று உங்கள் கைபேசியிலும் ராஸ்பெரி பையிலும் இருக்கிறது. இப்போது ஆர்வலர்கள் அதே ராஸ்பெரி பையைப் பழைய பிபிசியின் டியூப்பில் மாட்டி, பை-டியூப்-டைரக்ட் மூலம் பல வகை இரண்டாம் செயலிகளாக ஓடவைக்கிறார்கள். பேரன் வீடு திரும்பி, தாத்தாவின் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறான்.

"எமுலேட்டர் என்றால் போலி" என்பதைக் கேட்டால்தான் எனக்கு வலிக்கிறது. நல்ல எமுலேட்டர் படத்தைக் காட்டி ஏமாற்றுவதில்லை. பழைய செயலியின் ஒவ்வொரு கட்டளையையும், படச் சிப் நினைவகத்தைப் பிடுங்கும் ஒவ்வொரு தருணத்தையும் கணக்கிட்டு நடத்துகிறது. ஸ்பெக்ட்ரம் ரோம்களின் உரிமையை வைத்திருந்த ஆம்ஸ்ட்ராட், அவற்றை எமுலேட்டர்களோடு வழங்க அனுமதியும் தந்தது. விளையாட்டுகளின் உரிமை வேறு விஷயம். லயத்து அறையில் ஒரு சாதாரணக் கைபேசி வைத்திருக்கும் பிள்ளைக்கு 1982-இன் கணினி முழுதாகக் கிடைக்கிறது. எதையும் எரித்துவிடுவோம் என்ற பயமில்லாமல் வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம், எது உடைகிறது என்று பார்க்கலாம். உண்மையான சிப்புகளோ குறைந்துகொண்டே போகின்றன. விக்-2 இப்போது யாரும் செய்வதில்லை. பழைய இசட்80-க்கான கடைசி ஆர்டர்களை சைலாக் நிறுவனம் 2024-இல் எடுத்து முடித்தது.

உண்மையான பெட்டியைத்தான் ஓட்டுவேன் என்பவர்கள் சித்திரை, ஐப்பசி மாதங்களில் மதியத்துக்குப் பிறகு இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கொமடோர் 64-இன் பழைய பவர் சப்ளை கெட்டுப்போகும்போது 5 வோல்ட்டுக்கு மேல் தள்ளி நினைவகச் சிப்புகளைக் கொன்றுவிடும். கணினியில் செருகும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 5.2-ஐத் தாண்டி ஏறினால் அந்தப் பவர் சப்ளையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அன்றைக்கு எமுலேட்டரில் விளையாடுங்கள்.