பட்டணத்தின் நடுவில் ஊழியம்

வேதபாடம்: எரேமியா 29:7



1827-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிறிஸ்ப் ஐயர் நம் சேலம் பட்டணத்தில் ஊழியம் தொடங்கினார். நான்கே வருஷத்தில், 1831-ல், மரித்துப்போனார். ஆனாலும் ஊழியம் நிற்கவில்லை. பின்வந்த லெக்லர் ஐயர் சுவிசேஷத்தோடு கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்.

நம் பெந்தெகொஸ்தே எழுப்புதலும் அப்படித்தான். 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்து அசுசா தெருவிலே, குதிரை கட்டியிருந்த ஒரு பழைய கட்டடத்தில் அக்கினி பற்றியது.

நாமோ ஃபேர்லேண்ட்ஸில் ஆராதனை முடிந்ததும் வண்டியை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுறோம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் படுத்திருக்கிறவனுக்காக யார் ஜெபிக்கிறது? பாபிலோனுக்காகவே ஜெபிக்கச் சொன்ன தேவன் சேலத்தை மறப்பாரா?

இந்த வாரம் ஒவ்வொரு ஜெபக்குழுவும் கடைவீதியில் ஒரு தெருவை நடந்து பாருங்கள். அங்குள்ளவர்களின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி ஜெபியுங்கள். ஆமென்.